எரிமலையின் நடுக்கத்தைப் பதிவு செய்த ஒமோரி

1923 செப்டம்பர் 1 அன்று, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள ரிவர்வியூ ஆய்வகத்தில் நிலநடுக்கமானியின் முள் பெரிதாக ஆடத் தொடங்கியது. பசிபிக் அறிவியல் மாநாட்டுக்காக வந்திருந்த டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபுசாகிச்சி ஒமோரி அப்போது அங்கேதான் இருந்தார். முள் வரைந்த கோடுகள் அவருடைய சொந்த நகரத்தின் அழிவைக் காட்டின.

1868-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று ஃபுகுய் நகரில் பிறந்தவர் ஒமோரி. ஜப்பானில் நிலநடுக்கவியலைத் தொடங்கிவைத்த ஆங்கிலேயர் ஜான் மில்னிடம் பயின்றார். (மில்ன் வடிவமைத்த கருவி பிற்காலத்தில் நம் கொடைக்கானல் ஆய்வகத்திலும் இயங்கியது.) பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் வரும் சிறு அதிர்வுகள் நாட்கள் செல்லச் செல்ல எந்த விகிதத்தில் குறைகின்றன என்பதை 1894-ல் அவர் வகுத்த விதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மிகச் சிறிய அசைவையும் பெரிதாக்கிப் புகை படிந்த தாளில் கீறிக் காட்டும் கிடைநிலை ஊசல் கருவிகளையும் அவர் உருவாக்கினார்.

அக்கருவிகளை எரிமலையின் அருகே கொண்டு செல்லும் வாய்ப்பு 1910-ல் அமைந்தது. அந்த ஆண்டு ஜூலை மாதம், ஹொக்கைடோவின் உசு எரிமலையைச் சுற்றியிருந்த ஊர்கள் நாள்தோறும் குலுங்கின. அப்பகுதியின் காவல்துறைத் தலைவர், உசு எரிமலை வெடிப்பதற்கு முன் நிலநடுக்கங்கள் வரும் என்று ஒமோரி ஆற்றிய விரிவுரையை முன்பே கேட்டிருந்தவர். ஏறத்தாழ 15,000 பேரை அவர் வெளியேற்றினார். ஜூலை 25 இரவு மலை வெடித்தது. உயிரிழப்பு ஏறக்குறைய முழுமையாகத் தவிர்க்கப்பட்டது.

வெடிப்புக்குப் பின் அங்கு சென்ற ஒமோரி தம் கருவியை நிறுவினார். அதில் பதிவானவை இரு வகைப்பட்டன. ஒன்று, சட்டெனத் தொடங்கி விரைவில் அடங்கும் சிறு நிலநடுக்கங்கள். மற்றொன்று, மனிதர் உணர முடியாத அளவுக்கு நுண்ணியதாக, தெளிவான தொடக்கமும் முடிவும் இன்றி நீண்டுகொண்டே செல்லும் நடுக்கம். மலை புகையும் நீராவியும் கக்கும்போது தோன்றிய இந்த இரண்டாம் வகையே இன்று எரிமலை நடுக்கம் எனப்படுகிறது. எரிமலைக்குள் நிகழும் மாற்றத்தை அறிய விஞ்ஞானிகள் முதலில் கவனிக்கும் அறிகுறிகளுள் அதுவும் ஒன்று. அதே மாதங்களில் தோயா ஏரிக்கரையில் தரை 150 மீட்டருக்கு மேல் உயர்ந்து புதிய குன்றாக மாறியதையும் அவர் ஆராய்ந்தார்.

அடுத்த ஆண்டே அசாமா எரிமலையில், யுனோதாய்ரா என்னுமிடத்தில், நிரந்தர ஆய்வகம் அமைந்தது. ஜப்பானின் முதல் எரிமலை ஆய்வகம் அது. 1912-ல் ஹவாய் தீவின் கிலாவேயா எரிமலையில் தாமஸ் ஜாகர் தொடங்கிய ஆய்வகமும் ஒமோரி வகைக் கருவிகளையே பொருத்தியது. 1914-ல் சகுராஜிமா வெடித்தபோதும் ஒமோரி அங்கு விரைந்தார். ஆனால் அங்கு உசுவின் கதை தலைகீழாக நிகழ்ந்திருந்தது. அதிர்வுகளைக் கண்டு அஞ்சிய மக்களிடம் ஆபத்தில்லை என்று உள்ளூர் வானிலை நிலையம் கூறியிருந்தது. அதை நம்பித் தங்கியோர் சிலர் உயிரிழந்தனர்.

ஒமோரியின் வாழ்விலும் அத்தகைய ஒரு முரண் இருந்தது. அவருடைய துறையிலேயே பணியாற்றிய அகிட்சுனே இமாமுரா, டோக்கியோவை 50 ஆண்டுகளுக்குள் பெரும் நிலநடுக்கம் தாக்கலாம், தீயில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கலாம் என்று 1905-ல் எழுதினார். நாளிதழ்கள் அதைப் பரபரப்பாக்க, நகரில் பீதி பரவியது. ஒமோரி அந்த எச்சரிக்கையை வெளிப்படையாக மறுத்தார். பீதியைத் தணிப்பது அவர் நோக்கமாயிருக்கலாம். எனினும் இமாமுரா பல ஆண்டுகள் ஏளனத்துக்கு ஆளானார். தொலைவிலிருந்த தீவில் ஆயிரக்கணக்கானோரைக் காக்க உதவிய அறிஞர், தாம் வாழ்ந்த நகரத்தைப் பற்றிய எச்சரிக்கையை ஏற்கவில்லை.

1923-ல் டோக்கியோவும் யோகோஹாமாவும் எரிந்தன. ஏறத்தாழ 1,05,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தீயில் இறந்தவர்கள். மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்டிருந்த ஒமோரி கப்பலில் நாடு திரும்பியதும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நவம்பர் 8 அன்று, 55 வயதில், அவர் காலமானார். அவர் வகித்த பேராசிரியர் பதவிக்கு இமாமுரா வந்தார்.