எண்ணிக்கையில் விடுபட்ட வெற்றி

கவிஞர், சீர்திருத்தவாதி, அரசியல் தலைவர் என்போரின் வரலாறுகளையே நம் இலக்கியப் பக்கங்கள் பெரும்பாலும் தாங்கி வருகின்றன. அவ்வரிசையில் மோட்டார்ப் பந்தயக்காரர் ஒருவரை நிறுத்துவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கண்டியிலே வாழும் நமக்கு மோட்டார்ப் பந்தயம் என்றதும் நினைவுக்கு வருவது, 1934 இல் நுவரெலியாவில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம். அது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று தள்ளிவிடுவோர் நம்மிடையே பலர். ஆனால், அமெரிக்காவின் தென்பகுதியில் வளர்ந்த ‘ஸ்டொக் கார்’ப் பந்தயம் செல்வந்தரின் மாளிகையிலே பிறந்ததன்று. அது பிறந்த இடத்தைச் சொன்னால் நம்மவருக்குச் சிரிப்பு வரும். கசிப்பு வடிப்போரின் காட்டுப் பாதையிலேதான் அது பிறந்தது. அதன் வரலாற்றிலே வெண்டல் ஸ்கொட் என்னும் கறுப்பினத்தவரின் பெயரை எழுத நேர்ந்த கதை, வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற என் போன்றோருக்கு எளிதில் மறக்கக்கூடியதன்று.

முதலில் ஸ்டொக் கார் என்பது யாது என விளக்கிவிடுகிறேன். தொடக்க காலத்தில் அது பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்யப்பட்ட வண்டியாக இருக்கவில்லை. கடையில் விற்பனைக்கு வைத்திருந்த சாதாரண மோட்டார் வாகனமாகவே இருந்தது. வெளித்தோற்றத்தை மாற்றாமல் உள்ளே இயந்திரத்தையும் விற்களையும் வலுவாக்கிக்கொண்டனர். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய காலத்திலும், அதன் பின்னர் வரி கட்டாமல் சாராயம் விற்ற காலத்திலும், இத்தகைய வண்டிகள் பெரிதும் பயன்பட்டன. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு குடும்பஸ்தனின் கார். பின்னால் பொலிசார் துரத்தினாலோ அது காற்றாய்ப் பறக்கும். எவன் வண்டி வேகமானது என்று இச்சாரதிகள் தம்முள் போட்டியிட்டதும் இப்பந்தயத்தின் வேர்களில் ஒன்று. பின்னர் பில் பிரான்ஸ் என்பவர் அதனை ஒழுங்குபடுத்தி நாஸ்கார் என்ற சங்கத்தை அமைத்தார். நம் நாடு சுதந்திரம் பெற்ற 1948 பெப்ரவரி மாதத்திலேயே அச்சங்கமும் பதிவு பெற்றது.

வெண்டல் ஸ்கொட் 1921 ஓகஸ்ட் 29 ஆம் திகதி வேர்ஜினியா மாநிலத்தின் டான்வில் நகரிலே பிறந்தார். புகையிலைக்கும் பருத்தி ஆலைகளுக்கும் பேர்போன ஊர் அது. தந்தையார் வசதி மிக்க வெள்ளையர் குடும்பங்களுக்குக் கார் ஓட்டியும் பழுது பார்த்தும் பிழைத்தவர். ஆகவே சிறுவனுக்கு இயந்திரத்தின் மொழி தாய்மொழிபோல் வாய்த்தது. சைக்கிளில் வெள்ளைக்காரச் சிறுவர்களோடு போட்டியிட்டுப் பழகினான். ஆலை வேலையை அவன் விரும்பவில்லை. சங்கு ஊதியதும் உள்ளே சென்று, மறு சங்குக்கு வெளியே வரும் வாழ்வு சிறைவாழ்வு என்று அவனுக்குப் பட்டது. நம் தோட்டங்களிலே பெரட்டுக்குத் தப்பு அடித்த காலத்தை அறிந்தவர்களுக்கு இவ்வெறுப்பை விளக்க வேண்டியதில்லை. வாடகைக் கார் ஓட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது, நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்த அமெரிக்கப் படையிலே சேர்ந்து ஐரோப்பாவில் வாகனங்களைப் பழுது பார்த்தார். திரும்பி வந்து சொந்தமாகக் கராஜ் ஒன்றை நடத்தினார்.

கராஜ் வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. இரவிலே கள்ளச் சாராயம் ஏற்றிச் செல்லத் தொடங்கினார். இதனை மறைத்து எழுதுவோர் உண்டு. நான் மறைக்க விரும்பவில்லை. விளக்கை அணைத்துவிட்டு நிலவொளியில் வளைவுகளைக் கடப்பதும், சாராயப் போத்தல்கள் உடையாமல் வண்டியைத் திருப்புவதும் அவருக்குக் கைவந்த கலையாயின. மகியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவுகளிலே மழை நாளில் லொறி ஓட்டியவர்கள் இவ்வித்தையின் அருமையை உணர்வார்கள். பொலிசாரிடம் 1949 இல் ஒரே ஒரு முறைதான் அகப்பட்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனையாகக் கிடைத்தது.

அந்தப் பொலிசாரே அவருடைய பந்தய வாழ்வுக்கும் வாயில் திறந்தனர் என்பது விந்தை. டான்வில் பந்தயத் திடலை நடத்தியோர் கூட்டம் குறைவதைக் கண்டு, ஒரு கறுப்பினத்தவரை ஓட்டவிட்டால் வேடிக்கை பார்க்க மக்கள் வருவார்கள் என்று கணக்கிட்டனர். வேகமாக ஓட்டக்கூடிய கறுப்பினத்தவர் யார் என்று பொலிசாரையே கேட்டனர். துரத்திச் சலித்தவர்களுக்கு ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்தது. 1952 மே 23 ஆம் திகதி ஸ்கொட் முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கினார். கூட்டத்தில் ஒரு பகுதியினர் ஏளனக் கூச்சலிட்டனர். வண்டி இடையில் பழுதாகியும் அவருடைய உள்ளம் அத்திடலை விட்டு அகலவில்லை. மறுநாளே வண்டியை இழுத்துக்கொண்டு வின்ஸ்டன் சேலம் நகரிலே நாஸ்கார் நடத்திய பந்தயத்துக்குச் சென்றார். கறுப்பினத்தவர் ஓட்ட முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினர். வேடிக்கைப் பொருளாக வரவேற்கப்பட்டவர், போட்டியாளராக வந்தபோது விரட்டப்பட்டார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அவர் சோர்ந்துவிடவில்லை. நாஸ்காரைச் சேராத சிறிய திடல்களில் ஓடினார். இரண்டு வாரத்துக்குள் முதல் வெற்றியும் பெற்றார். சிறுகச் சிறுக ஏளனக் கூச்சல் குறைந்து, கைதட்டுவோரும் தோன்றினர். சில ஆண்டுகளில், றிச்மண்டில் அதிகாரி ஒருவர் தம் துணிவிலே அவருக்கு நாஸ்கார் உரிமப் பத்திரம் வழங்கினார். 1959 இல் வேர்ஜினியா மாநிலத்தின் ‘ஸ்போர்ட்ஸ்மன்’ பிரிவில் முதன்மை பெற்றார். 1961 இல் நாஸ்காரின் மிக உயர்ந்த பிரிவில் புகுந்தார்.

உயர்ந்த பிரிவு என்றதும் அவருடைய நிலையும் உயர்ந்தது என எண்ணிவிடலாகாது. ஏனைய முன்னணி வீரர்களுக்குக் கார்த் தொழிற்சாலைகள் புதிய வண்டியும் உதிரிப் பாகங்களும் கொடுத்தன. சம்பளத்துக்குத் தொழில்நுட்பர் இருந்தனர். ஸ்கொட்டுக்கு இருந்தவை, பிறர் ஓட்டிக் கழித்த வண்டியும் பிறர் கழற்றிப் போட்ட டயரும். உதவியாளர் அவருடைய பிள்ளைகளே. சில வேளைகளில் பந்தயத்தின் நடுவே தாமே வண்டியிலிருந்து இறங்கி, பழுது பார்த்து, மீண்டும் ஏறி ஓட்டுவார். வெள்ளையர் உணவகங்களில் அவர்களுக்கு உணவில்லை, தங்குமனைகளில் இடமில்லை, வண்டியிலேயே உறங்கினர். டார்லிங்டன் என்னும் புகழ்பெற்ற திடல் பல ஆண்டுகள் அவரை உள்ளேயே விடவில்லை. பந்தயத்திலே வேண்டுமென்றே வந்து மோதுவோரும் இருந்தனர். அவர்களோடு மல்லுக்கு நின்றால் தமக்கு நாளை பந்தயமே இல்லை என்பதை உணர்ந்து, பெரும்பாலும் பொறுத்துக்கொண்டார். இப்பொறுமையைக் கோழைத்தனம் என்பார் சிலர். வண்டி உடைந்தால் அன்றிரவே தம் கையாலேயே திருத்த வேண்டிய ஒருவர், எதற்குச் சினங்கொள்வது, எதனை விழுங்குவது என்று நாள்தோறும் கணக்கிட வேண்டியிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

இனி 1963 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு யூன் மாதத்தில் டான்வில் நகரிலே சமவுரிமை கேட்டு ஊர்வலம் சென்ற கறுப்பின மக்களைப் பொலிசார் தடிகொண்டு தாக்கினர். ஓகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனிலே பேருரை நிகழ்த்தினார். நவம்பர் 22 ஆம் திகதி ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஒன்பது நாட்களின் பின்னர், டிசம்பர் 1 ஆம் திகதி, புளோரிடா மாநிலத்தின் ஜக்சன்வில் நகரில் பந்தயம். மண் பரப்பிய வட்டத் திடல்; ஒரு சுற்று அரை மைல். நம் கண்டி வாவியைச் சுற்றிச் செல்லும் தூரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எனலாம். இருநூறு சுற்று ஓடி முடிக்க வேண்டும். மண் திடலில் வளைவைக் கடக்கும்போது வண்டியின் பின்பகுதியைச் சற்றே வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்புறம் திருப்பி, சறுக்கலையே துணையாகக் கொள்ள வேண்டும். காட்டுப் பாதையில் கற்ற வித்தை இங்கே கைகொடுத்தது. ஸ்கொட் ஓட்டியது நெட் ஜரட் என்னும் வீரரிடம் வாங்கிய பழைய செவ்ரலே. பிற்காலத்தில் அமெரிக்கா முழுவதும் கொண்டாடிய ரிச்சர்ட் பெற்றி முன்னே சென்றுகொண்டிருந்தார். பெற்றியின் வண்டி தளரத் தொடங்கியது. இன்னும் 25 சுற்றுகள் எஞ்சியிருக்கையில் ஸ்கொட் அவரைக் கடந்தார்.

இருநூறு சுற்றும் முடிந்தது. வெற்றிக் கொடி அசையவில்லை. ஸ்கொட் மேலும் ஓடினார். பின்னர் கொடி அசைந்தபோது, வென்றவர் பக் பேக்கர் என்று அறிவித்தனர். ஸ்கொட்டுக்கு இரண்டு சுற்றுகள் பின்தங்கியிருந்த பேக்கர், வெற்றி மேடையில் ஏறிக் கோப்பையைப் பெற்றுக்கொண்டார். ஸ்கொட் முறையிட்டார். கூட்டம் கலைந்து, விளக்கு அணைந்து, சில மணி நேரம் கடந்த பின்னர், கணக்கிலே பிழை நேர்ந்துவிட்டது, வென்றவர் ஸ்கொட்டே என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். பரிசுப் பணம் கிடைத்தது, கோப்பை கிடைக்கவில்லை. வெற்றி மேடையில் அழகுராணியான வெள்ளைக்காரப் பெண் வென்றவரை முத்தமிடும் வழக்கம் அங்கு இருந்தது. அக்காட்சியைக் கூட்டத்தினர் பொறுக்கமாட்டார்கள் என்று அஞ்சியே இப்படிச் செய்தனர் என்பது ஸ்கொட் குடும்பத்தாரின் உறுதியான நம்பிக்கை.

அக்காலத்தில் மின்பொறி எதுவும் இல்லை. சுற்றுகளை மனிதர்களே அட்டையிலே குறித்து எண்ணினர் என்பது மெய்தான். தவறு நேரக்கூடும். ஆனால் எண்ணுகோல் எவர் கையில் இருந்தது என்பதே என் மனத்தை உறுத்தும் கேள்வி. நம் கண்டிச் சீமையின் தேயிலை மலைகளிலே கொழுந்து நிறுவைக்கு நிற்கும் பெண்ணை எண்ணிப் பார்க்கிறேன். எத்தனை கிலோ பறித்தோம் என்று அவளுடைய தோளுக்குத் தெரியும். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்துவிட்டுக் கணக்கப்பிள்ளை எழுதுவதே அவளுடைய பெயருக்கு நேரே நிற்கும். ஸ்கொட்டுக்கும் தாம் ஓடிய சுற்று எத்தனை என்று ஐயம் இருக்கவில்லை. சில வாரங்களின் பின், பெயர்கூடப் பொறிக்காத ஒரு மலிவான மரச் சின்னத்தை அவரிடம் கொடுத்தனர்.

வென்றவரைத் தேடி நிறுவனங்கள் வரும் என்பது பந்தய உலகின் வழக்கம். அவரைத் தேடி எவரும் வரவில்லை. எனினும் அதே பழைய வண்டிகளைக் கொண்டு 1966 இல் ஆண்டு முழுவதற்குமான புள்ளிகளில் ஆறாம் இடம் பெற்றார். அடுத்த மூன்றாண்டுகளிலும் முதற் பத்துக்குள்ளேயே நின்றார். மொத்தம் 495 பந்தயங்கள் ஓடி, 147 இல் முதற் பத்து இடங்களுக்குள் வந்தார். வெற்றி ஒன்றே ஒன்று. இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதியபோது, 495 இல் ஒன்றுதானா என்று மாணவன் ஒருவன் கேட்டான். லொறிச் சாரதியின் மகன் அவன். பிறர் கழித்த டயரில் 147 முறை என்றால் சும்மாவா என்று அவனுக்குப் பின்னால் இருந்தவன் மறுமொழி சொன்னான். நான் அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

1973 மே மாதம் அலபாமா மாநிலத்தின் டலடேகா திடலிலே இருபதுக்கு மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் குவிந்தன. கடன்பட்டு வாங்கியிருந்த ஸ்கொட்டின் வண்டி நொறுங்கியது. இடுப்பெலும்பும் விலாவெலும்புகளும் முறிந்தன. அவ்வாண்டு இறுதியில் ஒரே ஒரு முறை மீண்டும் ஓடிப் பன்னிரண்டாவதாக வந்தார். அத்துடன் உயர் பிரிவுப் பந்தயத்தை விட்டு டான்வில் கராஜுக்கே திரும்பினார். 1977 இல் அவர் வாழ்வைத் தழுவித் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. நகைச்சுவை நடிகர் ரிச்சர்ட் பிரையர் ஸ்கொட்டாக நடித்தார். அதனைப் பார்த்தபோது, சிரிக்க வைப்பதற்குக் காட்டிய அக்கறையில் பாதியையேனும் அவர் பட்ட பாட்டைக் காட்டுவதில் செலுத்தியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. 1990 டிசம்பர் 23 ஆம் திகதி புற்றுநோயால் ஸ்கொட் காலமானார். ஜக்சன்வில் கோப்பை அப்போதும் அவர் வீடு வந்து சேரவில்லை.

இறந்த பின்னர் மரியாதைகள் வந்தன. 2015 இல் நாஸ்காரின் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தனர். ஆனால் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் கோப்பையை. 2021 ஓகஸ்ட் 28 ஆம் திகதி, தந்தையாரின் நூறாவது பிறந்தநாளுக்கு முந்திய நாள், டேட்டோனா திடலிலே நாஸ்கார் அவர்களிடம் கோப்பையை ஒப்படைத்தது. பேக்கர் கொண்டு சென்ற கோப்பை அன்று அது, புதிதாகச் செய்தது. வென்ற நாளிலிருந்து ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டுகள் சென்றிருந்தன.

அதுவரை அப்பிரிவில் வென்ற கறுப்பினத்தவர் ஸ்கொட் ஒருவரே. கோப்பை கிடைத்த ஐந்து வாரங்களில், 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி, பபா வொலஸ் என்னும் இளைஞர் இரண்டாமவராக வென்றார். மழையால் இடையில் நிறுத்தப்பட்ட பந்தயம் அது. நடந்த இடம் ஸ்கொட்டின் எலும்புகள் முறிந்த அதே டலடேகா. வொலஸ் கோப்பையைத் திடலிலேயே பெற்றுக்கொண்டார்.