சைக்கிளில் 14 ஆயிரம் மைல் சுற்றிய தம்பதி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 25 மைல். இன்று அது அகலமான நான்கு வழிச் சாலை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து விடலாம். சைக்கிளில் போகிறவர் விடியற்காலையில் கிளம்பி, கூட்டேரிப்பட்டில் ஒரு டீ குடித்து, வெயில் ஏறுவதற்குள் திண்டிவனம் சேர்ந்து விடுவார். ஆனாலும் மறுநாள் கால் வலிக்கும்.

இந்தத் தூரத்தை 560 தடவை சைக்கிளில் மிதித்தால் 14 ஆயிரம் மைல் ஆகும்.

அவ்வளவு தூரத்தை ஒரு கணவனும் மனைவியும் சைக்கிளில் கடந்தார்கள். அதுவும் இன்று நேற்றல்ல. 1897-ஆம் ஆண்டில் தொடங்கிய பயணம் அது. கிளம்பும்போது மனைவிக்கு வயது 38. கணவருக்கு வயது 50.

மனைவியின் பெயர் பானி புல்லக் ஒர்க்மன். கணவர் டாக்டர் வில்லியம் ஹண்டர் ஒர்க்மன். இருவரும் அமெரிக்கர்கள்.

கவர்னர் மகள்

பானி 1859-ஆம் ஆண்டு ஜனவரி 8-ந்தேதி பிறந்தார். ஊர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஊஸ்டர். பெரிய இடத்துப் பெண். அவருடைய தந்தை அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தவர். வீட்டுக்கே ஆசிரியைகள் வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு நியூயார்க், பாரிஸ், ஜெர்மனியில் உள்ள டிரெஸ்டன் ஆகிய நகரங்களில் படித்தார்.

அந்தக் காலத்துச் சீமான் வீட்டுப் பெண் என்ன செய்வாள்? நல்ல உடை உடுத்துவாள். விருந்துக்குப் போவாள். நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு வீட்டோடு இருப்பாள். பானிக்கும் அதுதான் விதி என்று ஊரார் நினைத்திருப்பார்கள்.

கல்யாணம் நல்ல இடத்தில்தான் நடந்தது. டாக்டர் வில்லியம் அவரைவிட 12 வயது மூத்தவர். யேல், ஹார்வர்டு ஆகிய புகழ்பெற்ற கல்லூரிகளில் படித்தவர். ஆனால் இந்த மாப்பிள்ளை மனைவியை வீட்டில் உட்கார வைக்கவில்லை. மலை ஏறக் கூட்டிக் கொண்டு போனார். அமெரிக்காவின் வெள்ளை மலைகளில் பானி ஏறப் பழகினார். ஏற ஏற ஆசை வளர்ந்தது.

இருவருடைய தந்தைமாரும் காலமானபோது பெருஞ்சொத்து வந்து சேர்ந்தது. டாக்டருக்கு உடல் நலமும் குன்றியது. வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு 1889-இல் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போனார். ஒர்க்மன் என்றால் வேலையாள் என்று பொருள். பெயர்தான் அப்படி. பிழைப்புக்காக வேலை செய்ய வேண்டிய அவசியம் அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருக்கவில்லை.

மகனைப் பறிகொடுத்தார்கள்

அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் ரேச்சல். இளையவன் சீக்பிரீட்.

1893-இல் சீக்பிரீட்டுக்குக் காய்ச்சல் வந்தது. அது நிமோனியாவாக மாறியது. தந்தை டாக்டர், கையில் பணமும் இருந்தது. இருந்தும் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. நான்கு வயது அளவில் அவன் இறந்து போனான்.

அந்தத் துக்கத்துக்குப் பிறகு அவர்கள் ஓரிடத்தில் தங்கவில்லை. ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். மகளை ஆயாக்களும் பள்ளிக்கூடமும் பார்த்துக் கொண்டன. இறந்த மகனை மறக்க ஓடினார்கள் என்று இரக்கப்படலாம். இருக்கிற மகளை விட்டுவிட்டு ஓடினார்களே என்று குறையும் சொல்லலாம். இரண்டிலும் நியாயம் உண்டு.

சைக்கிள் வந்தது

இன்று நாம் பார்க்கிற சைக்கிள் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அதற்கு முன் இருந்த சைக்கிளில் முன் சக்கரம் ஆள் உயரம் இருக்கும். பின் சக்கரம் சிறியதாக இருக்கும். விழுந்தால் மண்டை உடையும். 1885-இல் இரண்டு சக்கரமும் ஒரே அளவாக, சங்கிலி போட்ட சைக்கிள் இங்கிலாந்தில் வந்தது. 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் பெண்களும் தைரியமாக ஏறினார்கள்.

பெண் சைக்கிள் விடுவதா என்று மேல்நாட்டிலேயே கூச்சல் எழுந்தது. உடம்புக்கு ஆகாது என்று டாக்டர்கள் சிலர் பயமுறுத்தினார்கள். ஆனால் டாக்டர் ஒர்க்மன் தம் மனைவியோடு சேர்ந்து மிதிக்கவே கிளம்பிவிட்டார்.

முதலில் ஐரோப்பாவில் பழகினார்கள். பிறகு வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியாவுக்குப் போய், அட்லஸ் மலையைக் கடந்து சஹாரா பாலைவனத்தின் ஓரம் வரை மிதித்தார்கள். அடுத்து ஸ்பெயின். அங்கே மட்டும் 2,800 மைல். ஒரு நாளைக்குச் சராசரி 45 மைல். அதாவது கிட்டத்தட்ட ஒரே நாளில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்பி வருவது போல. அதுவும் தினமும்!

பானி அம்மையார் நீண்ட பாவாடை உடுத்தியே சைக்கிள் விட்டார். துரத்தி வரும் நாய்களை விரட்டக் கையில் ஒரு சவுக்கு வைத்திருந்தார்.

இந்தியப் பயணம்

1897 நவம்பரில் பெரிய பயணம் தொடங்கியது. முதலில் இலங்கை. அங்கிருந்து இந்தியா. தென்கோடியிலிருந்து வடக்கே இமயமலை வரை சுமார் 4,000 மைல் சைக்கிளிலேயே போவது என்று முடிவு செய்தார்கள்.

வருவதற்கு முன்பே பானி அம்மையார் ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் புத்த ஜாதகக் கதைகளையும் படித்திருந்தார். இத்தகைய கதைகளைப் படைத்த நாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆவல் அவருக்கு இருந்தது.

சைக்கிளில் என்ன ஏற்றிச் செல்ல முடியும்? டீத்தூள், சர்க்கரை, பிஸ்கோத்து, பாலாடைக்கட்டி, டப்பாவில் அடைத்த இறைச்சி, குடிதண்ணீர். ஆளுக்கொரு போர்வை. தலையணை. எழுதுவதற்குக் காகிதம். மருந்துப் பெட்டி. சைக்கிள் பழுது பார்க்கும் சாமான்கள். அவ்வளவுதான்.

ரெயில் பாதையை விட்டு அதிகம் விலகாமல் போக வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. ரெயில் போகும் ஊரில்தான் அவர்களுக்கு வேண்டிய சாமான் கிடைக்கும். தென்னாட்டில் அப்போதே ரெயில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர், தஞ்சாவூர், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை தண்டவாளம் போட்டிருந்தார்கள். ஆனால் சாலை அப்படி இல்லை. தார் போட்ட சாலை அன்று ஏது? கல்லும் மண்ணும் கொட்டிய சாலை. மாட்டு வண்டிச் சக்கரம் பதிந்து பதிந்து நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை பஞ்சர்! சில நாட்களில் 40 பஞ்சர் வரை ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு பஞ்சருக்குப் பத்து நிமிஷம் என்று வைத்துக் கொண்டாலும் 40 பஞ்சருக்குக் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஆகும். சைக்கிள் ஓட்டியவர்கள் இதைப் படித்தால் அந்தத் தம்பதியின் பொறுமையை எண்ணிக் கும்பிடுவார்கள். ரோட்டோரத்தில் கடை வைத்துப் பஞ்சர் ஒட்டுகிறவர் அன்று யாரும் கிடையாது. டயரைக் கழற்றி, டியூபை உருவி, ஓட்டையைத் தேடி, ரப்பர் வைத்து ஒட்டிக் காற்றடிக்கிற வேலை முழுவதையும் கவர்னர் மகளும் அவர் கணவரும்தான் பார்க்க வேண்டும்.

இரவில் முசாபரி பங்களா கிடைத்தால் அங்கே படுக்கை. கிடைக்காவிட்டால் ரெயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்தான். கொசு பிடுங்கும். எலி ஓடும். சில இடங்களில் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. விடிந்ததும் மறுபடி மிதிக்க வேண்டும்.

கல்லைப் பார்த்தார்கள்

போகிற வழியெல்லாம் கோயில்களையும் பழைய கட்டடங்களையும் பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். சிற்பங்களைப் பற்றிக் குறிப்பு எழுதினார்கள். 1904-இல் அதையெல்லாம் படங்களோடு பெரிய புத்தகமாக வெளியிட்டார்கள். இந்தியச் சமவெளியின் கோயில்களுக்கும் மக்களுக்கும் நடுவே சைக்கிளில் 14 ஆயிரம் மைல் போன கதை என்று புத்தகத்தின் தலைப்பே சொல்லுகிறது. இலங்கை, பர்மா, ஜாவா ஆகிய நாடுகளில் சுற்றியதும் அந்தப் பயணத்தைச் சேர்ந்ததே.

தலைப்பில் மக்கள் இருக்கிறார்கள். புத்தகத்துக்குள் தேடினால் கோயில்தான் அதிகம். மக்கள் குறைவு. அந்த ஆண்டுகளில் இந்தியா பட்ட துன்பம் கொஞ்சம் அல்ல. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்து பரவிக் கொண்டிருந்தது. 1896-97லும் 1899-1900லும் கடும் பஞ்சம். ஊர் ஊராகச் சைக்கிளில் போனவர்களுக்குச் சாலையில் போகிற ஜனங்களோடு உட்கார்ந்து பேச எத்தனையோ சந்தர்ப்பம் இருந்திருக்கும். ஆனால் பானி அம்மையாரின் மனம் பழைய கல்லில்தான் நின்றது. கல்லைச் செதுக்கியவனுடைய பேரன் பக்கத்திலேயே பசியோடு நின்றிருப்பான். அவன்மீது அவர் பார்வை அதிகம் விழவில்லை.

கூலிகளோடு சண்டை

1898 கோடையில் வடக்கே காஷ்மீரம் வரை போய்விட்டார்கள். சமவெளியில் வெயில் தாங்கவில்லை. சைக்கிளை விட்டுவிட்டு மலையில் நடந்தார்கள். 14 ஆயிரம் அடி, 18 ஆயிரம் அடி உயரமான கணவாய்களைத் தாண்டினார்கள். பனி மலையைப் பார்த்ததும் பானி அம்மையாரின் மனம் அதிலேயே ஒட்டிக் கொண்டது.

அந்த ஆண்டே சிக்கிம் பக்கம் கஞ்சன்ஜங்கா மலையைச் சுற்றி வர ஏற்பாடு செய்தார்கள். அது படுதோல்வியில் முடிந்தது. குளிர்காலம் நெருங்கிவிட்டது. சுமை தூக்கிகள் இவர்கள் வேகத்துக்கு நடக்க மறுத்தார்கள். ஒரு பெண்ணின் உத்தரவுக்குக் கீழ்ப்படிவதும் அவர்களுக்குப் பழக்கமில்லை. சில நாட்களிலேயே திரும்ப வேண்டி வந்தது.

ஒர்க்மன் தம்பதி கூலிகளைச் சோம்பேறிகள் என்று குறை சொல்லி எழுதினார்கள். கூலிகள் பக்கத்துக் கதையை எழுத யாரும் இல்லை. முதுகில் மூட்டையோடு, காலில் சரியான செருப்பும் இல்லாமல் பனியில் நடக்கிறவனுக்குச் சொல்ல ஒரு நியாயம் இருந்திருக்கும். வேறு வெள்ளைக்காரப் பயணிகளிலேயே சிலர், இந்தத் தம்பதிக்கு மலை ஜனங்களிடம் பரிவு போதவில்லை என்று சொன்னதுண்டு.

பயணம் முடிந்தது

ஆனாலும் எடுத்த காரியத்தை அவர்கள் விடவில்லை. மலையில் கொஞ்ச காலம், சமவெளியில் கொஞ்ச காலம் என்று இரண்டரை வருஷம் ஓடியது. 14 ஆயிரம் மைல் நிறைந்தது. இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். சேர்ந்தே முடித்தார்கள்.

1899-இல் காரகோரம் மலையில் இதுவரை யாரும் ஏறாத ஒரு சிகரத்தில் ஏறி, அதற்குத் தங்கள் இறந்த மகனின் பெயரை வைத்தார்கள். சீக்பிரீட் கொம்பு என்று அர்த்தம். பெற்றவர்கள் எத்தனை ஆயிரம் மைல் போனாலும் அந்தக் குழந்தை அவர்களோடு கூடவே வந்திருக்கிறது.

இந்தத் தம்பதியிடம் வியக்கத்தக்க ஒரு வழக்கம் இருந்தது. புத்தகங்களில் இருவர் பெயரும் இருக்கும். சிலவற்றில் மனைவி பெயர் முதலில் வரும். சிலவற்றில் கணவர் பெயர் முதலில் வரும். பின்னால் மலைப் பயணங்களிலும் அப்படியே செய்தார்கள். ஒரு வருஷம் மனைவி தலைவர். சாமான் ஏற்பாடும் கணக்கும் கணவர் பொறுப்பு. அடுத்த முறை பொறுப்பை மாற்றிக் கொள்வார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு இப்படி ஒரு குடும்பம்! இன்றைக்கும் எத்தனை வீட்டில் இது நடக்கிறது?

1906-இல் தம்முடைய 47-வது வயதில் பானி அம்மையார் நன்குன் மலைத் தொடரில் 22,700 அடிக்கு மேற்பட்ட பின்னக்கிள் சிகரத்தில் ஏறினார். பெண்களில் அவ்வளவு உயரம் ஏறியவர் அதுவரை எவரும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து ஆனி பெக் என்ற அமெரிக்கப் பெண், தென் அமெரிக்காவில் அதைவிட உயரம் ஏறிவிட்டதாகச் சொன்னார். பானி சும்மா இருப்பாரா? தம் சொந்தச் செலவில் 13 ஆயிரம் டாலர் கொடுத்து, பிரான்ஸ் நாட்டு நிபுணர்களை அனுப்பி அந்த மலையை அளந்து வரச் செய்தார். ஆனி பெக் ஏறியது உயரம் குறைந்த மலை என்று தெரிந்தது. பானியின் சாதனை 1934 வரை நிலைத்தது. கோடீஸ்வரியின் பிடிவாதத்துக்கு ஈடு ஏது!

1912-இல் சியாச்சின் பனிப்பாறையை இருவரும் ஆராய்ந்து வரைபடம் தயாரித்தார்கள். தலைமை பானி அம்மையார். 21 ஆயிரம் அடி உயரத்தில், பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்ற தலைப்பைத் தாங்கிய பத்திரிகையைக் கையில் விரித்துப் பிடித்துப் போட்டோ எடுத்துக் கொண்டார். அமெரிக்கா முழுவதிலும் பெண்களுக்கு அந்த உரிமை 1920-இல் கிடைத்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார்.

நீண்ட நாள் நோய்வாய்ப்பட்டிருந்து 1925 ஜனவரி 22-ந்தேதி பிரான்சில் கான் நகரில் காலமானார். அமெரிக்காவில் உள்ள நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு 1,25,000 டாலர் எழுதி வைத்திருந்தார். கணவர் வில்லியம் அதற்குப் பிறகு 12 ஆண்டுகள் வாழ்ந்து 1937-இல் காலமானார். சொந்த ஊரான ஊஸ்டரில் இருவருக்கும் ஒரே கல்லறை.

ஆயாக்களிடம் வளர்ந்த மகள் ரேச்சல் என்ன ஆனாள்? அவள் மண்ணியல் படித்துப் பெரிய விஞ்ஞானியானாள். லண்டன் மண்ணியல் சங்கம் 1919-இல் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தபோது அவர்களில் ரேச்சலும் ஒருவர். வாழ்க்கைப்பட்டது, கான்பூரில் கம்பளி மில் நடத்திய மெக்ராபர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு.