பெர்ஸி பிரிட்ஜ்மன்

நூலறிவும் கைத்திறனும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் அரிது. அவ்வாறு கூடியவிடத்து விளையும் பயனை அமெரிக்கப் பௌதிக சாஸ்திரியாகிய பெர்ஸி வில்லியம்ஸ் பிரிட்ஜ்மனின் சரித்திரத்திற் காண்கிறோம். இவர் 1882-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் தேதி மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரிற் பிறந்தார். 1900-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையிற் சேர்ந்து, 1908-இல் டாக்டர் பட்டம் பெற்று, 1954-இல் ஓய்வு பெறுமளவும் அங்கேயே தொண்டாற்றினார்.

நம்மைச் சூழ்ந்த காற்றின் அமுக்கத்தை ஓரளவாகக் கொள்வோமாயின், அக்காலத்து ஆராய்ச்சியாளர் ஏறக்குறைய 3,000 அளவோடு நின்றுவிட்டனர். அதற்குமேல் அமுக்கினால் திரவம் மூடியின் இடுக்கு வழியே கசிந்துவிடும். பிரிட்ஜ்மனோ, திரவம் தள்ளும் விசை முழுவதும் அதனினும் சிறிய பரப்புள்ள மெத்தென்ற வளையத்தின்மீது விழுமாறு மூடியை அமைத்தார். அதனால் வளையத்தின் அமுக்கம் திரவத்தின் அமுக்கத்தைவிட எப்பொழுதும் மிகுந்தே நின்றது. திரவம் எவ்வளவு முட்டுமோ, அவ்வளவு மூடியும் இறுகிற்று! கசிவுக்குக் காரணமான விசையையே காவலாக்கிய இவ்வுபாயம், கருவிகளைத் தம் கையாலேயே கடைந்து பழகிய அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

பின்னர் அவர் 12,000 அளவையும், நாளடைவில் 1,00,000 அளவையும் எட்டினார். 1914-இல் கோழிமுட்டையின் வெண்கருவைத் தீயின்றி அமுக்கத்தாலேயே உறையச் செய்தார். கொதிநீரினும் மிக்க சூட்டில் உருகாத பனிக்கட்டியையுங் கண்டார். அமுக்கத்தால் உலோகங்களின் மின்தடை மாறுவதைப் பல்லாண்டு அளந்தார். இத்தொண்டிற்காக 1946-இல் நோபெல் பரிசு பெற்றார்.

1961-இல் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழி மறையவில்லை. இரண்டு கடினமான முனைகளுக்கிடையே பொருளை நெரிக்கும் அவரது முறையே, பின்வந்தோர் கையில் வைரமுனைக் கருவியாயிற்று. அதைக்கொண்டு ஜெர்மனியிலுள்ள மைன்ஸ் நகரத்து விஞ்ஞானிகள், ஹைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்த பொருளைப் பதினைந்து லட்சம் அளவு அமுக்கி, பூஜ்யத்திற்குக் கீழ் 70 டிகிரி குளிரில் அதன் மின்தடை அறவே ஒழிவதை 2015-இல் வெளியிட்டனர். 2019-இல், ஹைட்ரஜன் நிறைந்த லாந்தனச் சேர்க்கை பூஜ்யத்திற்குக் கீழ் 23 டிகிரியிலேயே அந்நிலையை அடைந்ததென அறிவித்தனர். மின்தடை ஒழிவதற்குக் கடுங்குளிர் வேண்டுமென்றிருந்த நிலை இவ்வாறு தளர்ந்தது. ஆயினும், அமுக்கத்தைத் தளர்த்தின் அவ்வரிய குணமும் நீங்கிவிடும். பேரமுக்கமின்றியும் அக்குணம் நிலைக்குமாயின், மின்சாரம் வழியில் வீணாகாது ஊரூராகச் செல்லும்.

அந்நன்னாளைக் கொணர்வோர், கம்மியர் பட்டறையை இழிவாக எண்ணாத மாணவராகவே இருப்பர் என்று நம்புகிறோம்.