டி.என்.ஏ.யை முதலிற் கண்டவர்

டி.என்.ஏ. பரிசோதனை என்பது நமது மக்களுக்கு இன்று அந்நியமான சொல்லல்ல. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை பிரித்த கிழக்கிலங்கைக் குழந்தையொன்றின் பெற்றோர் யாரென 2005 இல் நீதிமன்றம் தீர்மானித்ததும் இப்பரிசோதனையின் துணையுடனேயே. ஆயினும், டி.என்.ஏ. என்றதும் 1953 இல் அதன் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்ட வாட்சன், கிரிக் ஆகிய இருவரையே நாம் நினைவுகூருகின்றோம். அதற்கு 84 ஆண்டுகளுக்கு முன்னரே அப்பொருளைப் பிரித்தெடுத்த பிரெடரிக் மீஷரை நம்மிற் பலர் அறியோம்.

மீஷர் 1844 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் பிறந்தவர். தந்தையாரும் தாய்மாமன் வில்ஹெல்ம் ஹிஸ்ஸும் மருத்துவப் பேராசிரியர்கள். மீஷரும் மருத்துவம் கற்று 1868 இல் பட்டம் பெற்றார். எனினும், செவிப்புலன் குறைபாடு நோயாளரைப் பார்ப்பதற்குத் தடையாகவே, ஆய்வுத் துறையை நாடினார்.

ஜேர்மனியின் டியூபிங்கன் நகரில், பழைய கோட்டையொன்றில் அமைந்திருந்த பேராசிரியர் ஹொப்பே-சைலரின் ஆய்வுகூடத்தில் அவர் சேர்ந்தார். கலங்களிலுள்ள புரதங்களை ஆராய்வதே அவரது நோக்கம். அதற்குத் தேவையான வெண்குருதிக் கலங்களை, அருகிலிருந்த சத்திரசிகிச்சை நிலையம் வீசியெறியும் சீழ் படிந்த கட்டுத்துணிகளிலிருந்து கழுவியெடுத்தார். பன்றியின் இரைப்பையிலிருந்து பெற்ற பெப்சின் நொதியத்தைக் கொண்டு புரதங்களைச் சிதைத்தபோதும், கலத்தின் கருவினுள் ஒரு பொருள் சிதையாது எஞ்சியது. அதில் பொஸ்பரஸ் மிகுதியாகக் காணப்பட்டது. இது அறியப்பட்ட புரதம் எதனையும் ஒத்ததல்ல என்பதை உணர்ந்த மீஷர், 1869 இல் அதற்கு நியூக்ளின் எனப் பெயரிட்டார். அப்போது அவருக்கு வயது 25 மாத்திரமே.

மாணவரின் முடிவை ஆசிரியர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பரிசோதனைகளைத் தாமே மீண்டும் செய்து உறுதிப்படுத்திய பின்னரே, 1871 இல் தமது சஞ்சிகையில் அக்கட்டுரையை வெளியிட்டார்.

1872 இல் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான மீஷர், றைன் நதியின் சமன் மீன்களின் விந்துக் கலங்களிலிருந்து நியூக்ளினை மேலும் தூய்மையாகப் பெற்றார். அப்பொருள் கெட்டுவிடாதிருக்கக் குளிர் அவசியமாயிருந்தமையால், குளிர்கால அதிகாலைகளில் வெப்பமூட்டப்படாத அறையிலேயே உழைத்தார்.

கருக்கட்டலுக்குக் காரணமான பொருள் ஒன்று உண்டெனில் அது நியூக்ளினாக இருக்கலாம் என்ற எண்ணம் 1874 இல் அவருக்குத் தோன்றாமலில்லை. ஆனால், அதனை அவர் இறுதி முடிவாகக் கொள்ளவில்லை. சில எழுத்துகளாலேயே மொழியின் சொற்கள் அனைத்தும் அமைவதுபோல, பரம்பரை இயல்புகளும் பெரிய மூலக்கூறுகளின் அமைப்பு வேறுபாடுகளினால் வெளிப்படலாம் என்று 1892 இல் தாய்மாமனுக்கு எழுதினார். வியக்கத்தக்க இந்த ஊகத்தைப் புரதங்களை மனதிற்கொண்டே அவர் வெளியிட்டார் என்பதுதான் வரலாற்றின் விநோதம். இருபது வகை அமினோ அமிலங்களாலான புரதத்துடன் ஒப்பிடுகையில், நான்கு மூலங்களை மாத்திரம் கொண்ட டி.என்.ஏ. மிக எளியதென்றே பின்வந்த விஞ்ஞானிகளும் கருதினர். பரம்பரைத் தகவலைக் காவுவது டி.என்.ஏ.யே என்பதற்கு 1944 இல் நியூயோர்க்கில் ஏவரியும் அவரது சகாக்களும் வலுவான சான்றை முன்வைத்த பின்னரே அக்கருத்து தளரத் தொடங்கியது.

அதைக் காண மீஷர் இருக்கவில்லை. காசநோய்க்கு ஆளாகி, 1895 இல் டாவோஸ் நகரில் 51 ஆவது வயதில் காலமானார். அவரது ஆய்வுகளைத் தொகுத்து 1897 இல் வெளியிட்ட ஹிஸ், மருமகனின் உழைப்புக் காலப்போக்கில் மேலும் மதிக்கப்படும் என நம்பினார். அந்நம்பிக்கை பொய்க்கவில்லை.

உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆராய்ச்சிகளுக்குப் பணம் ஒதுக்கும் போக்கு உலகெங்கும் காணப்படுகின்றது. அக்கேள்வியை 1869 இல் மீஷரிடம் கேட்டிருந்தால் அவரால் பதில் கூறியிருக்க முடியாது. அவரிடம் இருந்தவை பிறர் வீசிய துணிகளும், எதனை ஒத்தது எனக் கூறவியலாத ஒரு பொருளுமே. பிள்ளையைப் பெற்றோரிடம் சேர்க்கவும், குற்றமற்றவரைச் சிறையிலிருந்து மீட்கவும் அப்பொருளே இன்று சாட்சியாகின்றது. விளைவைக் காணும் பேறு கிட்டாதென்றாலும் விதைப்பவர்களை ஒரு சமூகம் பேணவேண்டும் என்பதையே மீஷரின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.