மேடைக் கழுகு

யிட்டிஷ் என்பது கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களின் வீட்டுமொழி. ஜெர்மன் மொழியோடு உறவுடையது. எபிரேய எழுத்துகளால் எழுதப்படுவது. கற்றவர் பலர் இதனை அடுப்பங்கரைப் பேச்சு என்று இகழ்ந்தனர். அம்மொழியிலேயே நடித்து உலகப் புகழ் பெற்றவர் ஜேக்கப் அட்லர். அட்லர் என்னும் சொல்லுக்குக் கழுகு என்பது பொருள்.

இவர் 1855 ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் பிறந்தார். இளமையில் யிட்டிஷ் நாடகக் குழுவில் சேர்ந்தார். அக்கால நாடகங்களில் பாட்டே முதன்மை பெற்றிருந்தது. அட்லருக்கோ பாடும் குரல் வாய்க்கவில்லை. எனவே நடிப்பையே நம்பினார். அக்குறை பின்னாளில் அவருக்கு நன்மையாகவே முடிந்தது.

1883 இல் ரஷ்ய அரசு யிட்டிஷ் நாடகங்களைத் தடை செய்தது. பிழைப்பிழந்த அட்லர் லண்டன் சென்று, அங்குக் குடியேறியிருந்த ஏழை யூதர்களுக்காக நடித்தார். 1887 ஜனவரியில் ஒருநாள், நாடகம் நடந்துகொண்டிருந்தபோது தீ என்று எழுந்த பொய்க்கூச்சலால் நெரிசல் உண்டாகி 17 பேர் உயிரிழந்தனர். அதன்பின் மக்கள் அவ்வரங்கிற்கு வர அஞ்சினர். அட்லர் அமெரிக்காவிற்குக் கப்பலேறினார்.

நியூயார்க்கில் 1892 இல், ஜேக்கப் கோர்டின் எழுதிய 'யூத லியர் அரசன்' நாடகத்தில் அவர் நடித்தார். மகள்களுக்குச் சொத்தைப் பகிர்ந்தளித்துவிட்டு, பார்வையும் இழந்து, பிச்சையெடுக்க நேர்ந்த முதியவரின் கதை அது. அம்முதியவர் பசியால் வாடும் காட்சியில், பார்வையாளர் ஒருவர் எழுந்து அவரைத் தம் வீட்டிற்கு உண்ண அழைத்தார் என்பர். நாடகம் கண்ட இளைஞர்கள் மறுநாளே பெற்றோருக்குப் பணம் அனுப்ப வங்கிகளில் கூடினர் என்றும் சொல்வர். அவ்வரங்கில் இருந்தோருள் பலர் தாய்தந்தையரைக் கடலுக்கு அப்பால் விட்டுவந்தவர்கள். ஆதலால் இதில் வியப்பில்லை.

1903 இல் ஆங்கில நாடகங்களுக்குப் பெயர்பெற்ற பிராட்வேயில் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' அரங்கேறியது. வட்டிக்குப் பணம் கொடுக்கும் யூதரான ஷைலாக்காக அட்லர் நடித்தார். ஷைலாக்கைக் கொடியவராகவோ கோமாளியாகவோ காட்டியவர் பலர். அட்லரின் ஷைலாக்கோ வழக்கில் தோற்றும் தலைநிமிர்ந்து வெளியேறினார். மற்ற நடிகர் அனைவரும் ஆங்கிலத்தில் பேச, அவர் ஒருவர் மட்டும் யிட்டிஷிலேயே பேசினார். அம்மொழி அறியாதவர்களும் அவர் முகத்தையும் குரலையும் கொண்டே அவர் துயரை உணர்ந்தனர்.

1920 இல் அட்லரைப் பக்கவாதம் தாக்கியது. அதன்பின் எப்போதேனும் 'யூத லியர் அரசன்' நாடகத்தின் முதல் அங்கத்தில் மட்டும் தோன்றினார். அவ்வங்கத்தில் லியர் எழுந்து நடக்க வேண்டியதில்லை, உட்கார்ந்தபடியே பேசலாம். 1926 இல் நியூயார்க்கில் அவர் மறைந்தார்.