விரல் நுனியில் விழித்த ஓவியர்

நிறத்தாளைக் கத்தரித்து ஒட்டுதல், வர்ணப்பெட்டி வாங்க இயலாத பிள்ளைக்கு அளிக்கும் ஆறுதல் என்றே பலரும் கருதுவர். அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் தோட்டப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வெண்ணத்தைக் கைவிடுதற்குப் பினோத் பிகாரி முகர்ஜியின் வரலாறு ஒன்றே போதும்.

அவர் 1904இல் கல்கத்தாவை அடுத்த பெகாலாவிற் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண் ஒளியற்றது, மற்றதும் மங்கலே. அதனாற் பள்ளிப் படிப்பு இடர்ப்பட, 1917இல் தாகூரின் சாந்திநிகேதனத்தைச் சேர்ந்தார். அங்கே கலாபவனம் 1919இல் தோன்றியபோது அதன் தொடக்ககால மாணவருள் ஒருவராகி, நந்தலால் போசிடம் பயின்றார். 1925 முதல் அங்கேயே ஆசிரியருமானார். பொருளைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டு பார்க்கவேண்டிய அம்மனிதரே, இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அடியார்களின் பெருங்கூட்டத்தை 1947இல் ஈரச்சுதையில் தீட்டி முடித்தார் என்றால் வியவாதார் யார்? சத்தியஜித் ராயும் கே. ஜி. சுப்பிரமணியனும் அவருடைய மாணாக்கர்.

ஐம்பது வயதைக் கடந்தபின், கண்ணிற் செய்த சத்திரசிகிச்சை பயனளியாது எஞ்சிய ஒளியும் அவிந்தது. ஓவியனுக்கு இதனினும் கொடிய இழப்பு வேறில்லை. ஆயினும் 1958இல் கலாபவனத்துக்கு மீண்டு கலைக்கோட்பாடு கற்பித்தார். கத்தரிக்கோலையும் கையில் எடுத்தார். பிரான்சிய ஓவியர் மத்தீசும் 1941இற் பெற்ற சிகிச்சையால் நலிந்து, நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடியே தாள் கத்தரித்துப் புகழ்பெற்றவர். ஆனால் மத்தீசு நிறத்தைக் கண்ணாற் கண்டார். பினோத் பிகாரிக்கோ நிறம் நினைவில் மட்டும் இருந்தது. தாளை மடித்து, விளிம்பை விரலால் அறிந்து, வெட்டி ஒட்டி மனித உருவங்களை ஆக்கினார். 1972இல் கலாபவனச் சுவரொன்றில் ஓட்டுச் சித்திரமும் அமைத்தார். ராய் அவரைப்பற்றித் திரைப்படம் எடுத்ததும் அவ்வாண்டே. 1980இல் மறைந்தார்.

கொழுந்து பறிக்கும் தாய் இளந்தளிரை விரலாலேயே தெரிந்துகொள்கிறாள். அவள் பிள்ளைக்கு விரலறிவு புதியதன்று. கண்ணை மூடச்செய்து, தேயிலை ஒன்றைக் கொடுத்து, அதன் பல்விளிம்பைத் தடவச் சொல்லுக. பின் கண் திறந்து, கோடு வரையாமலே பழைய தாளில் அவ்வடிவை வெட்டட்டும். பசைக்கு, ரொட்டி சுடும் கோதுமை மாவிலே ஒரு கரண்டி போதும். பார்வை குறைந்த பிள்ளை வகுப்பில் இருப்பின், கத்தரிக்கோலை முதலில் அதன் கையிற் கொடுக்க!