சேர் பிட்டி தியாகராயச் செட்டியார்

நம் கல்லூரிப் பழைய மாணவருட் சிலர் இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வர்த்தகம் நடத்துகின்றனர். கடை வாசலில் ஓடும் வீதியும் வாய்க்காலும் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதில், வரி செலுத்தும் கடைக்காரனுக்கும் பேச உரிமையுண்டா என்னும் வினா அவர்களுக்குப் புதியதன்று. அவ்வுரிமையை நகரசபை ஆசனத்திலமர்ந்து நாற்பது ஆண்டுகள் செலுத்திய சென்னை வணிகர் ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாசகர்க்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

தியாகராயர் 1852 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் வடசென்னைக் கொருக்குப்பேட்டையில், நெசவுத் தொழிலாற் செல்வம் ஈட்டிய தேவாங்கர் குடும்பத்திற் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1876 இல் பட்டம் பெற்றார். அக்காலத்திற் பட்டதாரி என்றால் அரசாங்க உத்தியோகம் காத்திருக்கும். அவரோ தறிக்கே திரும்பினார். ஏறத்தாழ நூறு தறிகள் கொண்ட நெசவுச்சாலை நடத்தி, நாடாவை விசையால் ஓட்டும் புதுமுறையையும் அதிற் புகுத்தினார்.

1882 இல் நகரசபை அங்கத்தவரானார். வணிகர் சபைகளின் அன்றைய நிலையையும் இங்குக் கூறுதல் வேண்டும். சென்னையில் 1836 இலும், நம் கொழும்பில் 1839 இலும் வர்த்தக சங்கங்கள் தோன்றின. இரண்டையும் நிறுவியோர் ஐரோப்பிய வணிகர். சென்னையில் 1904 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் சங்கத்துக்கு நகரசபையிலே தனி ஆசனங்களையும் வழங்கிற்று. அதே வீதிகளிற் கடை வைத்து அதே நகரசபைக்கு வரி கட்டிய உள்ளூர் வணிகர்க்கு அத்தகைய சங்கமே இருக்கவில்லை. 1909 இல் தென்னிந்திய வர்த்தக சங்கம் அமைந்தபோது அக்குறை நீங்கிற்று. அதன் முதற் றலைவராய்த் தியாகராயரே விளங்கினார்.

1916 இல் நீதிக் கட்சியைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர் என்பதை யாவரும் அறிவர். 1920 இல் முதலமைச்சர் பதவி தம்மை நாடி வந்தபோது அதனை ஏலாது பிறர்க்கு விட்டார். நகரசபையை மட்டும் அவர் விடவில்லை. 1919 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், உத்தியோகப்பற்றற்ற முதற் றலைவராக அச்சபையை நடத்தினார். என்றும் வெள்ளுடையே அணிந்தமையால் மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என்றழைத்தனர்.

வணிகர் தலைவரானால் அங்காடிக்கே ஆதாயம் தேடுவார் என்று ஐயுறுவோர் அன்றும் இருந்திருப்பர், ஐயம் நியாயமானதே. ஆனால் அவர் தலைமையில் 1920 இல் நடந்தது வேறு. ஆயிரம்விளக்கிலிருந்த நகரசபைப் பாடசாலையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலில் இலவசச் சிற்றுண்டி வழங்கச் சபை தீர்மானித்தது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது வரையறை. பசியினாற் பாடசாலைக்கு வாராத பிள்ளைகள் வரத் தொடங்கினர். திட்டம் வேறு சில பாடசாலைகளுக்கும் பரவிற்று. ஆரம்பக் கல்வி நிதியை அதற்குச் செலவிடலாகாதென அரசாங்கம் தடுத்தமையால் 1925 இல் அது நின்றுபோயிற்று. பிற்காலத்துத் தமிழகத்தின் மதிய உணவுத் திட்டங்களுக்கு முன்னோடி இவ்வோரணாச் சிற்றுண்டியே.

அவர் பெருமையைக் கூறும்போது ஒன்றை மறைத்தலாகாது. அன்றைய வாக்குரிமை வரி செலுத்துவோர்க்கே உரியது. கடை முதலாளிக்கு வாக்கிருந்தது. அக்கடையின் முன்னே கூடை வைத்து விற்றவளுக்கும், மூட்டை சுமந்தவனுக்கும் இல்லை. வணிகரின் குரல் நகரின் குரலாகி விடாது. சிற்றுண்டித் தீர்மானத்தை நாம் பெரிதாக எண்ணுவதும், வாக்கில்லாதார் வீட்டுப் பிள்ளைகளுக்காக அது செய்யப்பட்டமையாலேயே.

1925 ஏப்ரல் 28 ஆம் நாள், எழுபத்து மூன்று வயது நிறைந்த மறுநாள், அவர் காலமானார். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து அக்காலத்தில் உருவாக்கப்பட்ட குடியிருப்புக்குத் தியாகராய நகர் எனப் பெயரிட்டனர். கூறைச் சேலை வாங்கக் கொழும்பிலிருந்து செல்லும் நம்மவர் தவறாது மிதிக்கும் மண் அது. அங்கே பாண்டி பஜாரின் நடுவே செல்வது சேர் தியாகராயர் வீதி. அதில் நடைபாதையிற் கடை பரப்பியிருந்த சிறு வியாபாரிகளை 2013 இல் மாநகராட்சி தான் கட்டிய மாடிக் கட்டடத்துக்கு மாற்றிற்று. 2019 நவம்பரில் அவ்வீதியின் இருமருங்கும் அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டன. இன்று அங்கே மர நிழலிலுள்ள இருக்கைகளில், சேலைப் பொதிகளை மடியில் வைத்துக்கொண்டு நம்மூர்ப் பெண்களும் இளைப்பாறுகின்றனர்.